டாட்ஜ்பால்: விலகுபந்து

நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி. எதிரில் நிற்பவர்கள் மேல் மென்மையான பந்தை எறிய வேண்டும். பட்டவர் வெளியே போக வேண்டும். படாமல் கையில் பிடித்துவிட்டாலோ, எறிந்தவர் வெளியே போக வேண்டும். ஒரு பக்கம் ஆளே இல்லாமல் காலியானால் ஆட்டம் முடிந்தது. டாட்ஜ்பால் என்பது இவ்வளவுதான்.

தமிழக-கேரள எல்லையில், பாலக்காட்டை ஒட்டிய வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் ஒரே வகுப்பில் படிப்பார்கள், ஒரே அணியில் ஆடுவார்கள். போட்டிக்கு இரண்டு எழுத்திலும் அறிவிப்பு எழுதினால் தமிழில் டாட்ஜ்பால், மலையாளத்தில் டோட்ஜ்போள் என்று வரும். காலேஜ் அங்கே கோளேஜ் ஆவதும் டாக்டர் டோக்டர் ஆவதும் இப்படித்தான். ஆங்கிலத்தின் அந்த நடுவாந்தர ஒலி நம் காதுக்கு ஆகாரம், அவர்கள் காதுக்கு ஓகாரம். இதில் அவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவர்கள் ஊரில் பால் என்றால் கறக்கிற பால் மட்டும்தான்.

டாட்ஜ் என்ற வினைச்சொல் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குகிறது. இப்படியும் அப்படியுமாக நகர்வது, பிடி கொடுக்காமல் பேசுவது, ஏமாற்றுவது எல்லாம் அதற்குள் அடங்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டிராம் வண்டிகளுக்கு இடையே உடம்பை வளைத்துத் தப்பி ஓடிய ஊர்க்காரர்களை டாட்ஜர்கள் என்று கேலி செய்தார்கள். அங்கிருந்த பேஸ்பால் அணிக்கு அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோன பிறகும் அந்த அணி இன்னும் டாட்ஜர்ஸ்தான். தமிழிலும் இந்தச் சொல் ஆட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவனை “டாட்ஜ் பண்றான்” என்கிறோம். டபாய்க்கிறான், டிமிக்கி கொடுக்கிறான், போக்குக் காட்டுகிறான் என்று நம் கையிருப்பே இதற்கு நிறைய.

ஒரே ஆட்டத்துக்கு ஒவ்வொரு மொழியும் வேறு வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது கைதிப்பந்து. அவர்கள் ஆடும் வகையில் அடிபட்டவர் எதிரணியின் கைதியாகிப் பின்னால் போய் நிற்பார். ஜெர்மானியர் இதன் உறவான ஆட்டத்தை மக்களினப்பந்து என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இரு கூட்டம் மோதுவதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. கொரியர்களின் ‘பிகு’ என்ற சொல்லில் பி என்பது தவிர்த்தல், கு என்பது பந்து. ஆங்கிலத்தோடு அப்படியே ஒத்துப்போவது இதுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? எல்லோர் வாயிலும் முதலில் வருவது எறிபந்து. ஆட்டத்தில் எறிவதுதானே முக்கிய வேலை, பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் பள்ளி, கல்லூரி விளையாட்டுகளில் அந்தப் பெயரை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கும் த்ரோபாலுக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்கள். சுற்றறிக்கையில் எறிபந்து என்று போட்டால் த்ரோபால் அணிதான் சீருடையோடு வந்து நிற்கும். கைப்பந்து ஹேண்ட்பாலுக்குப் போய்விட்டது, கையுந்துபந்து வாலிபாலுக்கு, பூப்பந்து பால் பேட்மின்டனுக்கு. பந்தில் முடியும் பெயர்களில் காலி இடம் குறைவு.

தப்பித்தல் என்ற வேரிலிருந்து தப்புப்பந்து என்று சிலர் சொல்லிப் பார்ப்பார்கள். வேண்டாம். படிக்கிறவருக்குத் தவறான பந்து என்றுதான் தோன்றும். தப்பாட்டம் என்று நீட்டினால் பறை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதோடு பாலக்காட்டுப் பக்கம் தப்புவது என்றால் தேடுவது, துழாவுவது. ஒரே அணிக்குள் குழப்பம். ஒதுங்குபந்து மோசமில்லை, ஆனால் கிராமத்தில் ஒதுங்குவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், மைக்கில் சொன்னால் சிரிப்புதான். தெற்கே பிள்ளைகள் ஆடும் பேய்ப்பந்தும் ஆள் மேல் எறிகிற ஆட்டமே. ஆனால் அதில் அணி கிடையாது, கோடு கிடையாது, கையில் பந்து கிடைத்தவன் கண்ணில் பட்டவனை அடிப்பான். அந்தப் பெயர் அந்த ஆட்டத்துக்கே இருக்கட்டும்.

விலகுபந்து என்பதைத்தான் நான் எழுதுகிறேன். விலகுவது ஆள்தானே, பந்து இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் சுடுகாட்டில் காடு சுடுவதில்லை, ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை. வினைத்தொகைக்கு அந்த வளைவு உண்டு. எதைக் கண்டு விலகுகிறோமோ அந்தப் பந்து என்று பொருள் விரியும். மலையாளத்தில் இதே செயலை ஒழிஞ்ஞுமாறுக என்பார்கள். விலகு என்ற சொல்லும் அங்கே அந்நியமில்லை.

பெயரைவிடச் சிக்கல் விதிகளில் வரும் சொற்கள்தான். வளாகப் போட்டிகளில் பொதுவாக அணிக்கு 6 பேர், மொத்தம் 6 பந்து. பந்துகளை நடுக்கோட்டின் மேல் மூன்று மூன்றாகப் பிரித்து வைப்பார்கள். விசில் ஊதியதும் கடைக்கோட்டிலிருந்து ஓடிவந்து, அவரவர் வலது பக்கத்து மூன்றை மட்டும் எடுக்கலாம். எடுத்த பந்தைத் தங்கள் தாக்குகோட்டுக்கு, அதாவது நடுக்கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் இடையே போட்ட கோட்டுக்கு, பின்னால் கொண்டுபோன பிறகுதான் எறியலாம். இந்த முதல் ஓட்டத்தைப் பாய்ச்சல் என்றாலே போதும்.

சண்டை வருவது உயிர்ப்பந்தில். எறிந்த பந்து தரை, சுவர், இன்னொரு பந்து, நடுவர் என்று எதிலும் படாமல் வருகிற வரைக்கும் அதற்கு உயிர் உண்டு. தரையில் ஒரு குதி குதித்துவிட்டு உங்கள் முழங்காலில் பட்டால் நீங்கள் அவுட் இல்லை, அது செத்த பந்து. உயிர்ப்பந்து தோளுக்குக் கீழே பட்டால்தான் கணக்கு. கையில் இருக்கும் பந்தால் வருகிற பந்தைத் தடுக்கலாம். தடுக்கும்போது கையிலிருக்கும் பந்து நழுவி விழுந்தால் பல போட்டிகளில் அவுட். பிடித்தால் எறிந்தவர் போவதோடு, நிறைய இடங்களில் பிடித்த அணியில் வெளியே நிற்கும் ஒருவர் உள்ளே வரலாம். கபடி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னிலையில் இருக்கிற அணி 6 பந்தையும் தன் பக்கமே வைத்துக்கொண்டு 5 விநாடிக்கு மேல் நேரம் கடத்தினால் குற்றம். இதற்கு முடக்கல் என்று பெயர் வைக்கலாம். அப்புறம், பட்டதா இல்லையா என்பதை முதலில் ஆடுகிறவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். நடுவர் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பக்கத்தில் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஆனி, ஆடி மாதங்களில் ஃபோம் பந்தைத் திறந்த மைதானத்தில் எறிந்தால் நேராகப் போகாது. அம்மியே பறக்கும் என்கிற காற்று அது. உள்ளரங்கம் இல்லையென்றால் துணிப்பந்து வாங்குங்கள். உலகப் போட்டிகளில் ஃபோம், துணி இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவே உண்டு. துணிப்பந்து ஆட்டத்தில் பந்து ஐந்துதான்.

எழுதும்போது விலகுப்பந்து என்று நடுவில் ஒற்றுப் போடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. உயிர்ப்பந்து, துணிப்பந்து இவற்றுக்கு ப் வேண்டும்.