தங்கம் அசல்தான், டயல்?

மும்பை மாட்டுங்காவில் மதிப்பீட்டுக்காக என் மேசைக்கு வரும் பழைய தங்க வாட்சுகளில் பாதி, வரும்போதே பளபளவென்றுதான் வரும். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அழுக்கும் கீறலுமாக, பட்டை இற்றுப்போய், பழைய திருநீற்று டப்பாவிலிருந்து எடுத்து வந்தால்தான் நிம்மதி.

போன மழைக்காலத்தில் செம்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். மாமனாரின் ஒமேகா கான்ஸ்டெல்லேஷன் வாட்ச், 18 காரட், 1950-களின் கடைசியில் வாங்கியது. பேத்தி படிப்புக்காக ஏலத்தில் விடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். "நல்ல விலை வரணுமேன்னு முன்னாடியே ஒரு கடையில குடுத்துப் புதுசு மாதிரி பண்ணிட்டேன்" என்றார்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இந்த மாடலின் பழைய டயல்கள் பல, கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி நடுவில் உயர்ந்து, ஓரத்தில் பன்னிரண்டு பட்டைகளாகச் சரியும். அந்தப் பட்டைகளின் விளிம்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும். மாமியின் வாட்சில் புதுப் பூச்சு இறங்கி விளிம்பு மழுங்கியிருந்தது. குரோனோமீட்டர், அதாவது நேரம் துல்லியமாகக் காட்டும் என்று, சான்று பெற்றது எனச் சொல்லும் அந்தக் குட்டி எழுத்துகளில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கம்பெனி அச்சில் அப்படி வராது. பின்மூடியில் ஒரு வானாய்வுக் கூடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் இருக்கும். நான் எண்ணியதில் ஏழு. எட்டாவதை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதன் மேட்டைப் பாலிஷ் சக்கரம் தின்றுவிட்டது.

தங்கம் அசல். மெஷின் அசல். இருந்தும் என் கணக்கில் விலை பாதிக்குப் பாதி போய்விட்டது. மாமிக்கு இது புரியவே இல்லை. "தங்கம் அப்படியேதானே இருக்கு?"

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நகைக்கடைக்காரருக்கு வாட்ச் என்றால் எடை. அந்தக் கால ஆண்கள் வாட்சில் மெஷின், கண்ணாடி, டயல் எல்லாம் கழித்தால் கேஸ், அதாவது வெளிக்கூடு, மட்டும் பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து கிராம்தான் தேறும். அதிலும் 18 காரட் என்றால் முக்கால் பங்குதான் சுத்தத் தங்கம். ஏலத்தில் விலை நிற்பது வேறு இடத்தில். பதேக் ஃபிலிப் கம்பெனியின் 1518 என்ற மாடலைப் பாருங்கள். 1941-லிருந்து 1954 வரை மொத்தமே 281 செய்தார்கள், கிட்டத்தட்ட எல்லாம் தங்கம். ஸ்டீலில் தெரிந்தவை நான்கே நான்கு. அதில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்குப் போனது. அன்றுவரை தங்கத்தில் செய்த அதே வாட்ச் எதுவும் அதன் பக்கத்தில்கூட நின்றதில்லை.

சரி, தங்கமா என்று பார்ப்பது எப்படி? பின்மூடியைத் திறக்காமல் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். 1995-க்கு முந்தைய சுவிஸ் கேஸ் என்றால் 18 காரட்டுக்கு ஹெல்வெடியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். ஆமாம், அணிலேதான். 1995-லிருந்து இரண்டுக்கும் பதிலாக ஒரு நாய்த் தலை. ஆகவே 1955-ல் வாங்கியது என்று சொல்லும் வாட்சில் நாய்த் தலை இருந்தால் கேஸ் பின்னால் வந்தது. பக்கத்தில் சின்னச் சாவி வடிவமும் அதற்குள் ஒரு எண்ணும் இருந்தால், அது கேஸ் செய்தவருடைய அடையாளம். ஹெல்வெடியா இல்லை என்பதற்காகப் போலி என்று தூக்கி எறியவும் கூடாது. இங்கிலாந்தில் கேஸ் போட்ட வாட்சுகளில் 375 என்ற எண்ணும், பர்மிங்காமில் சோதித்ததென்றால் நங்கூரமும் இருக்கும். அது 9 காரட். "நம்ம ஹால்மார்க்கில் வரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் எங்கே?" என்று கேட்பவர்களும் உண்டு. கட்டாய ஹால்மார்க்கிலிருந்து வாட்சுக்கு விலக்கு இருக்கிறது.

முலாம் பூசியதில் 20 மைக்ரான் என்றோ, ரோல்டு கோல்டு என்றோ, பின்மூடி ஸ்டீல் என்றோ பெரும்பாலும் எழுதியே இருக்கும். எழுதாதவையும் வரும். பட்டையை மாட்டும் கொம்புகளின் உள்பக்கம், பட்டை உரசும் இடத்தைப் பாருங்கள். முலாம் அங்கேதான் முதலில் தேயும், அடியில் வெள்ளையோ செம்போ தெரியும். ஜவேரி பஜாரில் எக்ஸ்ரே மெஷினில் வைத்து '18 காரட்' என்று சீட்டு வாங்கி வருகிறார்கள். அந்த மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும். பழைய ஒமேகாக்களில் தடித்த தங்கத் தகடு போர்த்தியவை உண்டு, அவற்றிடம் அது ஏமாந்துபோகும்.

இன்னொரு வகை, எனக்கே ஒருமுறை கை தூக்கத் தோன்றியது. ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வைக்கு வைத்திருந்தார்கள், 1940-களின் பெரிய குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச்), 18 காரட். டயலில் கம்பெனி பெயருக்குப் பதில் 'குரோனோகிராஃப் சுவிஸ்' என்றுதான் பிரெஞ்சில் இருந்தது. கையில் எடுத்துப் பின்மூடியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், உள்ளே போய்த் திரும்பி வந்தது. மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, கொம்புகளை உள்ளே வெறுமையாக விட்டுச் செய்தது. கேட்லாக்கில் போட்டிருந்த எடை, மெஷினையும் சேர்த்து. அதை 18 காரட் விலையால் பெருக்கிக்கொண்டிருந்தார் என் பக்கத்தில் ஒருவர். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அப்புறம் டயல். உலகம் முழுக்க வாட்ச் சேர்ப்பவர்கள் புதுப்பூச்சு பூசி, கிடைத்த பாகங்களைக் கோத்த வாட்சை 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பூசுபவர்கள் கைத்திறன் இல்லாதவர்களும் அல்ல. ஆனால் 1950-களின் டயலில் இரவில் ஒளிரும் பூச்சு ரேடியம். இத்தனை வருடத்தில் அதோடு கலந்த ஒளிரும் பொடி செத்துப்போயிருக்கும். விளக்கை அணைத்தபின் பச்சையாக நின்று எரிந்தால் அது பின்னால் தடவியது. அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்க்க மட்டும் வேண்டாம், ரேடியத்தின் கதிர்வீச்சு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

காகிதத்தை வைத்தும் ஏமாறலாம். கம்பெனி ஆவணச் சீட்டு அந்த எண்ணுள்ள வாட்ச் எப்படித் தொழிற்சாலையை விட்டுப் போனது என்றுதான் சொல்லும், இன்று உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. 2021-ல் ஜெனீவாவில் முப்பத்தொரு லட்சம் ஃப்ராங்குக்கு மேல் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்தது என்று 2023-ல் வெளியே வந்தது. அவ்வளவு பெரிய மேடையிலேயே அப்படி.

செலவும் முன்னாலேயே கணக்குப் போடுங்கள். சுத்தியல் 4 லட்சத்தில் விழுந்து, வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் என்றால் 4 லட்சத்து 80 ஆயிரம், அதற்குமேல் வரி. நூறு வயது தாண்டிய வாட்ச் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். வெளிநாட்டு மகனுக்கு அனுப்பும் முன் கேட்டுவிடுங்கள்.

மாமியின் வாட்சுக்கு வருகிறேன். உள்மூடியில் ஊசியால் கீறிய மூன்று தேதிகள் இருந்தன, 1963, 1971, 1984. அந்தக் காலத்து ரிப்பேர்க்காரர்கள் எண்ணெய் போட்டால் அப்படித்தான் குறித்துவைப்பார்கள். "இது மாமனார் ஜாதகம் மாதிரின்னா இருக்கு" என்றார். அந்தக் கடைக்காரர் அதையும் பாலிஷ் போடாமல் விட்டது அதிர்ஷ்டம். மதிப்பீட்டுச் சீட்டில் 'டயல் மறுபூச்சு, கேஸ் பாலிஷ்' என்று எழுதினேன். "இதைப் போட்டுத்தான் ஆகணுமா?" என்று கேட்டார். போடாவிட்டால் ஏலக்காரரே கண்டுபிடிப்பார், அப்புறம் நீங்கள் வைத்திருக்கும் மாமனாருடைய ரசீதைக்கூட நம்ப மாட்டார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கீழே அந்த மூன்று தேதிகளையும் சேர்த்து எழுதச் சொன்னார்.