திரும்பக் கிடைக்கும் வரியும் திரும்பும்போது கட்டும் வரியும்

சிங்கப்பூரில் சிறு வணிகர்களின் வரிக் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். பள்ளி விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் கடைக்காரர்களும் அவர்களின் உறவினர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு வாங்கிய சங்கிலிக்குக் கட்டிய பொருள் சேவை வரி திரும்பக் கிடைக்குமா? அதே சங்கிலி சென்னையில் இறங்கும்போது சுங்கத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்து, இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே விமானம் ஏறுவதால்தான் பலர் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பொருள் சேவை வரி, ஒரு பொருள் எந்த நாட்டில் பயன்படுத்தப்படுகிறதோ அந்த நாட்டுக்குச் சேர வேண்டிய வரி. கப்பலில் ஏற்றுமதியாகும் சரக்குக்குச் சிங்கப்பூர் இந்த வரியை விதிப்பதில்லை. சுற்றுப்பயணி தம் பெட்டியில் வைத்து வெளியே கொண்டுபோகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தருவதற்கும் அதுவே காரணம். ஆகவே, திரும்பக் கிடைக்கும் தொகையைக் கடை தரும் தள்ளுபடி என்று எண்ணுவது தவறு. இங்கே வரி நீங்கிய பொருளுக்குத் தன் பங்கைக் கேட்கும் உரிமை, அது போய்ச் சேரும் நாட்டின் சுங்கத்துறைக்கு உண்டு.

2024 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையில், வரியும் சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு)ப் பொருள் வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தால் மூன்று ரசீதுகள் வரை சேர்த்து அந்த 100 வெள்ளியைக் கணக்குக் காட்டலாம். எல்லாக் கடைகளும் இத்திட்டத்தில் இல்லை. சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். விலைச்சீட்டில் 1,090 வெள்ளி என்று இருந்தால் அதிலுள்ள வரி 90 வெள்ளி. அதிலிருந்தும் திருப்பித் தரும் முகவர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் என்பதால், முழு விலையில் 9 விழுக்காடு கைக்கு வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஓட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் இங்கேயே சாப்பிட்டு முடித்ததற்கும் எதுவும் திரும்பாது.

வாங்குபவர் யார் என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. அவர் 16 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்; சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கக் கூடாது; வாங்கிய நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் இங்கே வேலை செய்திருக்கக் கூடாது; முந்தைய ஈராண்டுகளில் 365 நாள்களுக்கு மேல் இங்கே தங்கியிருக்கவும் கூடாது. கடையில் அவர் நேரில் நின்று அசல் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை)க் காட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்து வைத்த கடப்பிதழின் படம் செல்லாது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் குடியிருக்கும் மகன் தனக்கென்று ஒரு மடிக்கணினி வாங்குகிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் கடப்பிதழில் அதைப் பதிந்துகொள்கிறார். அம்மா விமான நிலையத்தில் வரியைப் பெற்றுக்கொள்கிறார். மடிக்கணினி வீட்டிலேயே இருக்கிறது. குடும்பத்துக்குள் நடப்பதுதானே என்று இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இது பொய்க் கோரிக்கை, சட்டப்படி குற்றம். விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல நிற்க வேண்டியவர், படிவத்தில் என்ன இருக்கிறது என்று அறியாத அந்தத் தாய். கடை ஊழியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சிகளில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

அடுத்தது வெளியேறும் வாசல். பொருளை வாங்கிய இரண்டு மாதங்களுக்குள் சாங்கி அல்லது சிலேத்தார் விமான நிலையம் வழியாகப் புறப்பட வேண்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகள் வழியாகத் தரைவழியில் வெளியேறுபவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணக் குழுக்களில் பலர் இங்கே இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுப் பேருந்தில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஊருக்கு விமானம் ஏறுகிறார்கள். சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கிய பொருள்களின் ரசீதுகளை அவர்கள் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நீட்டிப் பயனில்லை. மலேசியா 2018-இல் தன் பொருள் சேவை வரியையே கைவிட்டுவிட்டது. பிறகு வந்த விற்பனை, சேவை வரியில் சுற்றுப்பயணிகளுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடும் இல்லை. குழுவை அழைத்து வரும் முகவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட்டால், பொருளை எந்த நாட்டில் வாங்குவது என்று பயணிகளே தீர்மானித்துக்கொள்வார்கள்.

சாங்கியில் செய்ய வேண்டியது எளிது. ஆனால் வரிசை மாறக் கூடாது. பெரிய பெட்டியில் போடும் பொருளாக இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே, புறப்பாட்டுக் கூடத்திலுள்ள சுய சேவை இயந்திரத்தில் கடப்பிதழை வைத்துக் கோரிக்கையைப் பதிய வேண்டும். கைப்பையில் கொண்டுபோகும் நகை, கைக்கடிகாரம் போன்றவற்றுக்குக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். திரையில் வாங்கிய பொருள்களின் பட்டியல் வரும். உடன் கொண்டுபோகாதவற்றை அதில் தேர்வு செய்யக் கூடாது. இறுதியில் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று வரலாம், அல்லது சுங்கச் சோதனை முகப்புக்குப் போகும்படி வரலாம். முகப்புக்குப் போனால் அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்பார். அந்த நேரத்தில் பெட்டி விமானத்தின் அடியில் இருந்தால் காட்டுவதற்கு எதுவும் இராது. கோரிக்கையும் அத்துடன் முடிந்துவிடும். கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு 12 மணி நேரத்துக்குள் பொருளுடன் நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும்.

தங்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாங்கும் நகைக்கு 9 விழுக்காடு வரி உண்டு. அதனால் திரும்பப் பெறவும் வழி உண்டு. முதலீட்டுத் தரத்திலான தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபரிலிருந்தே வரிவிலக்கு இருப்பதால், அவற்றில் திரும்பப் பெறுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் இந்தியாவில் இறங்கும்போது கணக்கு வேறு. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை கொண்டுவரலாம் என்று ஊரில் பரவலாகச் சொல்கிறார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்புபவர்களுக்கு உரியது. ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு உரியதன்று. அவர் வாங்கிய நகை, பயணி வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களுக்கான பொதுவான மதிப்பு வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். கட்டியும் காசும் அந்த வரம்புக்குள்ளும் வாரா. ஒரு குடும்பத்தில் நால்வர் வந்தாலும், நால்வரின் சலுகையையும் கூட்டி ஒரே வளையலுக்குக் கணக்குக் காட்ட இந்திய விதிகள் இடம் தருவதில்லை. தட்டைத் திரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் 2013 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் சலுகை கிடையாது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாடு போய்த் திரும்பும்போதும் அடிப்படை இதுவே. பிரான்சில் ஒரு கைப்பை வாங்கி அந்நாட்டு மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற்றவர், சாங்கியில் அதற்குப் பொருள் சேவை வரி கட்டக் கடமைப்பட்டவர். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்துவிட்டு வந்தால் 500 வெள்ளி வரையும், அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரையும் விலக்கு உண்டு. 1,800 வெள்ளி மதிப்புள்ள பையென்றால், 500 போக மீதி 1,300 வெள்ளிக்கு 9 விழுக்காடாக 117 வெள்ளி கட்ட வேண்டும். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் பழைய பை ஆகிவிடும் என்ற யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். ஏய்த்த வரியைப் போல் 20 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வந்திறங்கும் முன்பே இணையத்தில் அறிவித்துப் பணம் கட்டிவிடும் வசதியும் உண்டு. சிகரெட்டுக்கு எவருக்கும் சலுகை இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

லண்டனுக்குப் போகிறவர்கள் இன்றும் அங்கே வரி திரும்பக் கிடைக்கும் என்றே நம்பிப் போகிறார்கள். கடையில் வாங்கித் தாமே எடுத்து வரும் பொருளுக்கான அந்த ஏற்பாட்டை 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றிலும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேலை அனுமதியில் இருக்கும் நம் தம்பிகளின் நிலை. இங்கே வேலை செய்வதால் ஊருக்குப் போகும்போது அவர்களுக்குச் சுற்றுப்பயணிகளுக்கான வரி திரும்பக் கிடையாது. ஊரிலிருந்து திரும்பி வரும்போது 500 வெள்ளி விலக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கி வரும் பொருளுக்கு முதல் வெள்ளியிலிருந்தே வரி கட்ட வேண்டும். அறைத் தோழர் சொன்னார் என்று 500 வெள்ளிக்குள் அடங்கும் புதுக் கைத்தொலைபேசியுடன், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் போகிறவர், வேலை அனுமதியையே ஆபத்தில் வைக்கிறார் என்பதை எவரும் அவரிடம் சொல்வதில்லை. அணிந்து பழகிய உடைக்கும் ஏற்கெனவே பயன்படுத்தி வரும் சொந்தப் பொருளுக்கும் வரி இல்லை. புதிதாக வாங்கியது எதுவாயினும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் அதிகாரியிடம் காட்டுங்கள். 300 வெள்ளிப் பொருளுக்குக் கட்ட வேண்டிய வரி 27 வெள்ளிதான்.