பட்டறையின் கழிவு ஆசிட்டை இன்னொரு ஆலைக்குக் கொடுப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சுப் போடும் ஒரு கால்வனைசிங் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்பின் துருவை எடுத்து வீரியம் போன ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். அதை ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பைத் தயாரிக்கும் ஆலை மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் 9ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. ஆனால் வாங்குபவரிடம் அந்தக் கழிவுக்கும் அந்தப் பயன்பாட்டுக்கும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும். விலை பேசும் முன் அந்த அனுமதி நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உங்கள் அனுமதியிலும் (படிவம் 1இல் விண்ணப்பித்துப் பெறுவது) கழிவின் வகை, ஆண்டு அளவு, எந்த வழியில் அகற்றப்படும் என்பவை இருக்கும். அந்த விதிகளின் அட்டவணை 1இல் இந்த ஆசிட்டின் எண் 12.2. வாங்குபவரின் அனுமதியில் வேறு எண் இருந்தால் லோடு ஏற்றாதீர்கள். அந்தப் பயன்பாட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயல்முறை வழிகாட்டி இல்லையென்றால் அந்த மத்திய வாரியத்திடமே ஒப்புதல் கேட்க வேண்டும். சோதனை ஓட்டம் பார்த்துத்தான் தருவார்கள். சிறு பட்டறைகள் சோர்ந்துபோவது இங்கேதான். கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை உண்டாக்கும் சிறு அலகுகளுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம்.

லோடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தொட்டிதான் காரணம். பூச்சு சரியாக விழாத பொருளை அதே ஆசிட் தொட்டியில் போட்டு உரித்தால் துத்தநாகம் கரைந்து கலந்துவிடும். இரும்பு மட்டும் எதிர்பார்த்த ஆலைக்கு அது உதவாது. உரிப்பதற்குத் தனித் தொட்டி வையுங்கள். கழுவிய தண்ணீரையும் இதில் ஊற்றாதீர்கள். இரும்பின் செறிவு குறையும், வண்டி வாடகை தண்ணீருக்குப் போகும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊர் என்பதால் சோதனை என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு லோடுக்கும் இரும்பு, துத்தநாகம், மீதமுள்ள ஆசிட் மூன்றையும் அளந்து, அறிக்கையை வண்டியோடு அனுப்புங்கள்.

வண்டியை ஏற்பாடு செய்பவரே பாதுகாப்புக்குப் பொறுப்பு. அதற்கான அனுமதியும் அவரிடம் இருக்க வேண்டும். பீப்பாயில் படிவம் 8 லேபிள், ஓட்டுநரிடம் படிவம் 9 (வழியில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற அட்டை), கூடவே படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற சீட்டு). அதன் நீல நகல் வாங்கியவரின் கையெழுத்தோடு உங்களிடம் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு உங்களிடம் ஆதாரமில்லை, உடனே கேளுங்கள். வெளி மாநிலத்துக்கு என்றால் வண்டி கிளம்பும் முன்பே இரு மாநில வாரியங்களுக்கும் தகவல் கொடுக்க வேண்டும்.

ஜூன் 30க்குள் படிவம் 4இல் ஆண்டுக் கணக்கு. அதிலுள்ள டன் அளவு மேனிஃபெஸ்ட்களின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். லிட்டரில் அனுப்பி டன்னில் எழுதுபவர்கள் அடர்த்தியை அளந்து மாற்றுங்கள். இரும்பு கரைந்த ஆசிட் தண்ணீரைவிடக் கனமானது.