டம்ளர் தண்ணீரில் மாத்திரையைச் சோதிக்காதீர்கள்

வலிப்புக்குக் கார்பமசெபைன் சாப்பிடும் பெரியவர் ஒருவர். அவர் மகன் அந்த மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டு வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். "கரையவே இல்ல சார், போலி. அப்பாவுக்கு நிறுத்திட்டோம்." இப்படி வருவது முதல் தடவை இல்லை. மாத்திரைத் தயாரிப்பில் இருப்பவன் என்ற முறையில் மன்றாடிக் கேட்கிறேன், இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை உதிர்வது வேறு, மருந்து கரைவது வேறு. உதிர்வதைச் சோதிக்கும் எங்கள் கருவியின் அடியில் 2 மில்லிமீட்டர் சல்லடை இருக்கும். துகள்கள் அதில் இறங்கினால் பாஸ். ஆற்று மணலும்தான் இறங்கும்! டம்ளரில் நொடியில் உதிர்ந்து பால்போலக் கலங்கினால் 'நல்ல மாத்திரை' என்கிறார்கள். கலங்கல் என்றாலே கரையாத துகள் மிதக்கிறது என்றுதானே அர்த்தம்?

கார்பமசெபைன் இயல்பிலேயே தண்ணீரில் மிகக் குறைவாகக் கரைவது. 200 மில்லிகிராம் மருந்து ஒரு டம்ளரில் முழுதாகக் கரைய வழியே இல்லை. ஆய்வகத்திலேயே 900 மில்லி தண்ணீரில் 1 சதவீதம் சோடியம் லாரில் சல்பேட் (கரைய உதவும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்து, 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே, கரைந்த மருந்தை அளக்கிறோம். மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை மாத்திரை என்றால் சட்டென்று உதிரவே கூடாது.

மருந்துத் துகளின் அளவு, தண்ணீர் பட்டதும் மாத்திரையை உதிரவைக்கும் குரோஸ்கார்மெல்லோஸ் போன்ற உதிர்ப்பான்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம்.

இத்தனையையும் வீட்டு ஈரம் கெடுத்துவிடும். ஈரம் பட்ட கார்பமசெபைன் மாத்திரை பலனில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1990-லேயே எச்சரித்தது. மாத்திரை இறுகும், மருந்தின் படிக அமைப்பே மாறும். வெளிப்பார்வைக்குத் தெரியாது.

அதனால் குளியலறையிலும் அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள். ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். சாப்பிடும்போது பிரித்தால் போதும். மெதுவாக வெளிவிடும் வகையைப் பொடிக்காதீர்கள். கடையில் வேறு பிராண்ட் கொடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

அப்புறமும் சந்தேகமா? பில்லோடும் ஸ்ட்ரிப்போடும் மருந்தாளுநரைப் பாருங்கள். அதுவரை அதே பிராண்டில் வேறு ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுங்கள், ஒரு வேளைகூட விட வேண்டாம்.