எழுதியவர்களும் எழுதாதவர்களும்: ட்வீட்டுகளில் காலநிலைக் கருத்தை அளக்கும் கணக்கு

காலநிலை மாற்றத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஆயிரம் பேருக்கு போன் போட்டுக் கேட்க நிறையப் பணம் வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் வேண்டும். சமூக ஊடகத்திலோ யாரும் கேட்காமலேயே கோடிக்கணக்கானோர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதை அள்ளி எண்ணிவிட்டால் என்ன? அப்படி அதிகம் அள்ளப்பட்டது அமெரிக்க ட்விட்டர், இன்றைய எக்ஸ். பதிவுகள் பொதுவெளியில் இருந்தன. 2023 வரை ஆய்வாளர்களுக்கு இலவசமாகவும் கிடைத்தன.

முதல் இடறல் தேடுசொல்லிலேயே வந்துவிடும். ‘கிளைமேட்’ என்று மட்டும் தேடினால் ‘பொலிட்டிகல் கிளைமேட்’, காரின் ‘கிளைமேட் கன்ட்ரோல்’ எல்லாம் வலையில் விழும். நம் ஊரில் ‘ஊட்டியில கிளைமேட் செம’ என்று ஒருவர் எழுதினால் அவர் சொல்வது அன்றைய குளிரைத்தான். தமிழில் தேடுபவர் காலநிலை மாற்றம், பருவநிலை மாற்றம், புவி வெப்பமடைதல் ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அதைப் புழங்குகிற கூட்டமே கணக்கில் வராமல் போகும். அள்ளியதில் 200 பதிவுகளைக் குலுக்கி எடுத்துக் கண்ணால் படித்துப் பாருங்கள். சம்பந்தமில்லாதவை 20-க்கு மேல் இருந்தால் விலக்குச் சொற்களைச் சேர்த்து மறுபடி அள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

அடுத்தது, பதிவின் தொனி. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 2008 முதல் 2014 வரையிலான ட்வீட்டுகளில் ‘கிளைமேட்’ என்ற சொல் வந்தவற்றை எடுத்து, அவற்றின் மகிழ்ச்சி அளவைக் கணக்கிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்ட பட்டியல் அவர்களிடம் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் 50 பேர் போட்ட மதிப்பெண்களின் சராசரி அது: ‘சிரிப்பு’க்கு 8.5, ‘பயங்கரவாதி’க்கு 1.3. நடுவில் நிற்கும் சொற்களைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்தால் அந்தக் காலப்பகுதியின் மனநிலை தெரியும். இயற்கைப் பேரிடர்களின்போது இந்த மகிழ்ச்சிக் கோடு இறங்கியது, காலநிலைப் பேரணிகளின்போது ஏறியது.

ஆனால் மனநிலை வேறு, நிலைப்பாடு வேறு. ‘பனிப்பாறை உருகுவதைப் பார்த்தால் அழுகை வருகிறது, பயமாக இருக்கிறது’ என்று எழுதுபவர் காலநிலை மாற்றத்தை முழுதும் ஏற்பவர்; மதிப்பெண்ணோ அடிமட்டம். ‘எல்லாம் கட்டுக்கதை, ஜாலியாக இருங்கள், வாழ்க்கை இனிது’ என்பவருக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும். இறங்கிய கோட்டைக் காட்டி ‘மக்கள் எதிர்க்கிறார்கள்’ என்று எழுதுவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

நிலைப்பாட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆட்கள் படித்து ‘ஏற்கிறார், மறுக்கிறார், இரண்டுமில்லை’ என்று குறித்த மாதிரிகளை வைத்துக் கணினியைப் பழக்க வேண்டும். 2016-இல் இதற்கென்றே நடந்த, கணினிக்கு மொழி எவ்வளவு புரிகிறது என்று சோதிக்கும் செம்இவல் போட்டியில் காலநிலைக்குக் கொடுத்த பயிற்சி ட்வீட்டுகள் 395. அவற்றில் மறுப்பவை வெறும் 15! பதினைந்தைப் படித்து மறுப்பின் முகத்தை எந்தக் கணினியும் கற்றுக்கொள்ளாது. மார்ச்சிலேயே வெயில் கொளுத்தும்போது ‘சூப்பர், நன்றி காலநிலை மாற்றமே!’ என்று ஒருவர் நொந்து எழுதுவதும் அதற்குப் புரிவதில்லை.

கணினியின் பிழை சிறிதாக இருந்தாலும் விடை பெரிதாகக் கோணும். 1000 பதிவுகளில் உண்மையில் 100 மறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புகளில் 80 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும் கணினி, மற்றவற்றில் 10 சதவீதத்தைத் தவறாக மறுப்பு என்கிறது. அப்போது 80-உம் 90-உம் சேர்ந்து 170. பத்து சதவீதம் பதினேழாகிவிட்டது. திருத்த வழி உண்டு: 0.17-இலிருந்து தவறு விகிதமான 0.10-ஐக் கழித்து, வரும் 0.07-ஐ 0.80-க்கும் 0.10-க்கும் உள்ள வித்தியாசமான 0.70-ஆல் வகுத்தால் மீண்டும் 0.10. இந்த இரண்டு விகிதங்களையும் கையால் குறித்த தனி மாதிரியிலிருந்து எடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பயன்படுத்திய பதிவுகளிலேயே அளந்தால் கணினி தன்னிடம் இல்லாத கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும்.

இனி, எழுதுபவர் யார்? அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்க வயதுவந்தோரில் 22 சதவீதம் பேரே ட்விட்டரில் இருந்தார்கள். அவர்களிலும் மிகுதியாக எழுதும் 10 சதவீதத்தினரிடமிருந்து வந்தவை 80 சதவீத ட்வீட்டுகள். எழுதும் அளவுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் மாதத்துக்கு இரண்டுதான் எழுதினார். ஆகவே பதிவை எண்ணாமல் ஆளை எண்ண வேண்டும்: ஒருவர் நூறு முறை எழுதினாலும் அவருக்கு ஒரு வாக்கு. தானியங்கிக் கணக்குகளை அதற்கு முன்பே களைய வேண்டும். பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுவதாக 2017 ஜூன் 1 அன்று டிரம்ப் அறிவித்ததை ஒட்டிய ட்வீட்டுகளை ஆராய்ந்தபோது, கணக்குகளில் 9.5 சதவீதமாக இருந்த தானியங்கிகளே கால்வாசிப் பதிவுகளைப் போட்டிருந்தன.

மீதி இருப்போரை மக்கள்தொகைக்கு ஏற்ப எடைபோடலாம். நாட்டில் 20 சதவீதமாக உள்ள இளைஞர்கள் மாதிரியில் 40 சதவீதம் வந்திருந்தால் ஆளுக்கு அரை எடை. வயதை முகப்புப் படத்திலிருந்தோ அறிமுக வரியிலிருந்தோ ஊகிக்க வேண்டியிருப்பதால் இந்த எடையிலும் பிழை ஏறும். பேசாமல் இருப்பவருக்கோ எந்த எடையும் போட முடியாது.

அந்த மௌனத்தின் மீதுதான் எனக்கு அக்கறை அதிகம். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரான்செஸ் மூரும் அவரது குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 2014 முதல் 2016 வரை அமெரிக்காவில் இடக்குறிப்புடன் பதிவான 200 கோடிக்கும் மேற்பட்ட ட்வீட்டுகளை எடுத்து, வானிலையைப் பேசுபவற்றை உள்ளூர் வெப்பநிலையோடு பொருத்தினார்கள். பருவத்துக்கு ஒவ்வாத வெயிலோ குளிரோ வந்தால் மக்கள் எழுதினார்கள். அதே விசித்திரம் ஆண்டுக்காண்டு திரும்பியபோது எழுதுவது குறைந்தது. கடந்த 2 முதல் 8 ஆண்டுகள் வரையிலான அனுபவமே அவர்களுக்கு ‘வழக்கமான வானிலை’ ஆகியிருந்தது. ஆனால் அதே நாட்களில் அவர்கள் எழுதிய பதிவுகளின் மனநிலை தாழ்ந்தேதான் கிடந்தது. வெயிலைப் பேசுவதை விட்டார்கள், வெயில் அவர்களை விடவில்லை.

அதனால் கொளுத்திய ஒரு கோடைக்கு அடுத்த கோடையில் பதிவுகள் பாதியாகக் குறைந்தால், கவலை பாதியாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். எண்ணிக்கையை ஒரு கோடாகவும் மனநிலையை இன்னொரு கோடாகவும் வரைந்து, அதே மாதத்தில் போனில் கேட்ட ஆயிரம் பேரின் பதிலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.