பாராங் வாங்கும்முன் உறையைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலேசியாவின் தாப்பா ஊரில் எங்கள் கிளினிக்குக்குக் கைக்காயங்களோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். லாத்தா கிஞ்சாங், குவாலா வோ, கேமரன் மலைச் சாலையோரத்து ஆற்றங்கரைகள் எனக் கூடாரம் அடிக்கப் போகிறவர்களில் பலர் இந்த ஊரைக் கடந்துதான் செல்கிறார்கள். அவர்களில் சிலர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இங்கேயே திரும்பி வருகிறார்கள். நான் மருத்துவ உதவியாளர். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்றும் ‘டிரெசர்’. பாராங் என்னும் காட்டுக்கத்தியை வாங்குகிறவர்கள் நீளத்தையும் இரும்பையும் விசாரிக்கிறார்கள், நான் தைக்கும் காயங்களிலோ பெரும்பாலானவை உறையாலும் கைப்பிடியாலும் வந்தவை.

ஒருமுறை வந்த இளைஞர் அதுவரை ஒரு சுள்ளியைக்கூட வெட்டியிருக்கவில்லை. கத்தியை உறையிலிருந்து உருவியபோதே இடக்கையின் மூன்று விரல்களில் வெட்டு விழுந்துவிட்டது. பாராங்கின் மர உறை என்பது இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிரம்பாலோ கம்பியாலோ கட்டியது. பலகைகள் கூடும் இடுக்கு கத்தியின் கூர்ப்பக்கத்திலேயே அமைகிறது. நாள்பட உருவி உருவிச் செருகும்போது கூர் அந்த இடுக்கை உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். உறையை உள்ளங்கையால் முழுக்கச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேகமாக உருவினால், இடுக்கின் வழியே வெளியே வரும் கூர் நேராக விரல்களில் இறங்கும். அந்த இளைஞருக்கு நடுவிரலை மடக்கும் தசைநார் அறுந்திருந்ததால் ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. உறையின் முதுகுப்பக்கத்தைக் கட்டைவிரலாலும் விரல்நுனிகளாலும் மட்டும் பிடித்து, கூர்ப்பக்கத்தில் ஒரு விரலும் இல்லாதபடி, முதுகை உறையோடு அழுத்தியவாறு மெதுவாக உருவ வேண்டும். கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் இதைச் செய்து பாருங்கள். கட்டு தளர்ந்த உறையோ, தலைகீழாகக் கவிழ்த்தால் கத்தி நழுவி விழும் உறையோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது கைப்பிடி. கத்தியின் இரும்பு கைப்பிடிக்குள் முழு நீளத்துக்கும் சென்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால், ஓங்கி வெட்டும்போது கழன்று பறக்கும் அச்சம் குறைவு. ஊரில் பழக்கமான பாராங்குகள் பலவற்றில் வால்போல் ஒடுங்கிய இரும்பு மரப்பிடிக்குள் செருகப்பட்டிருக்கும். அது குற்றமன்று, ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஆட்டிப் பார்த்தே தீர வேண்டும். பிடியின் கடைசி முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் வியர்வைக் கையிலும் வழுக்காது. கத்தி நழுவிவிடாமல் இருக்கக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் கையை விட்டு நழுவிய கத்தி தூரப் போய் விழாமல் ஆடிக்கொண்டு நம் முழங்காலுக்கே திரும்பி வரும்.

இரும்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய லோரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி துருப்பிடித்தாலும் எளிதாகத் தீட்ட வரும், உடையாமல் தாங்கும்; இரவில் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். நம் காட்டில் வெட்ட வேண்டியவை பச்சைக் கொடி, பிரம்பு, மூங்கில் ஆகியவையே என்பதால் 10 முதல் 14 அங்குல அலகு, அதாவது கத்தியின் வெட்டும் பகுதி, தாராளம். அதற்கு மேல் நீண்டால் கை சோர்ந்துவிடும். சோர்ந்த கை குறி தவறும்.

பயன்படுத்தும்போது நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: வெட்டு தவறினால் அலகு எங்கே போய் நிற்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கத்தியோடு கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், இருக்கக் கூடாது. கட்டையை இடக்கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஓங்குவதைத் தவிர்த்து, அலகை முதலில் கட்டையின் மேல் வைத்து, இன்னொரு மரத்துண்டால் அதன் முதுகில் தட்டிப் பிளக்கலாம். உட்கார்ந்து சீவும்போது தொடைகளுக்கு நடுவே சீவாதீர்கள். உள்தொடையில் ஓடும் பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களே கையில் இருக்கும். வளைந்து நிற்கும் மூங்கிலை வெட்டினால் அது துள்ளி அடிக்கும், பிளந்த அதன் விளிம்பும் சவரக்கத்திக்குச் சமம். இருட்டிய பிறகும், மதுவுக்குப் பிறகும் கத்தி உறையில் இருக்கட்டும்.

கொண்டுபோகும் வழியிலும் கவனம் வேண்டும். மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. கத்தி உறையில் கட்டுண்டு, கூடாரத்தோடும் சமையல் சாமான்களோடும் காரின் பின்புறத்தில் இருந்தால் காரணம் தானாகவே தெரியும். இருக்கைக்கடியில் இருந்தால் தெரியாது.

வெட்டுப்பட்டுவிட்டால், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்தெடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். காப்பித்தூளைக் காயத்தில் அப்பும், தோட்டக் குடியிருப்பான லயத்தின் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தத் தூளை நோண்டி எடுப்பதற்குள் நோயாளியும் நானும் ஒருசேரக் களைத்துப்போகிறோம். இரத்தம் நின்ற பிறகு ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பாருங்கள், நுனியில் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதேனும் ஒன்று குறைந்தாலும் காயம் சிறியது என்று எண்ணிவிடாமல் அன்றைக்கே வர வேண்டும். அழுத்தியும் நிற்காமல் பாய்ந்தால் 999ஐ அழையுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதில் பள்ளியில் டெட்டனஸ் ஊசி போடப்படுகிறது. அதன்பின் போட்டதாகச் சொல்கிறவர்கள் குறைவு. மண்பட்ட ஆழமான காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தாலே மறுபடியும் தேவைப்படும். ஆற்று நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமியும் மெலியோய்டோசிஸ் என்னும் கடுந்தொற்றின் கிருமியும் இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களை இரண்டாவது கடுமையாகத் தாக்கும். திரும்பிய பின் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், கூடாரம் அடித்ததையும் காயம் பட்டதையும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். காயம்தான் ஆறிவிட்டதே என்று பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.