தொடையிலயும் காயம் பண்ணணுமா டொக்டர்?

வெந்த புண்ணுக்கு தொடையில இருந்து தோல் எடுத்து வைக்கணும்னு சொன்ன ஒடனே வார்ட்ல வாற கேள்வி இதுதான். சுடுதண்ணி கேத்தல் சரிஞ்சோ லயத்துல போத்தல் லாம்பு விழுந்தோ கை ஏற்கனவே வெந்து கெடக்கு, இதுல நல்லா இருக்கிற தொடையையும் வெட்டணுமா, வேணாம் நாங்க தோட்டத்து டிஸ்பென்சரியிலயே மருந்து கட்டிக்கிறோம்னு துண்டு வெட்டிக்கிட்டு வீட்டுக்கு போயிடுறாங்க. பயம் நியாயம் தான். ஆனா அதுல சிலபேர் மாசக்கணக்கு கழிச்சு விரல் உள்ள மடங்கி நிமிராம வாறாங்க, கொழுந்து எடுக்கிற கை அது.

ஆழமா வெந்த எடத்துல புதுத்தோல் முளைக்க அடியில ஒண்ணும் மிச்சமில்ல, ஓரத்துல இருந்து தான் மூடி வரணும், வரும்போது சுத்தியிருக்கிறதையும் சுருக்கி இழுத்துக்கிட்டு தான் வரும். மூணு கிழமைக்குள்ள தானா ஆறாதுன்னு தெரியிற புண்ணுக்கு நாங்க அவசரப்படுறது அதனால தான்.

தொடையில எடுக்கிறது முழுத்தோல் இல்லங்க, மேலால சீவுற மெல்லிசு படை, 0.2ல இருந்து 0.4 மில்லிமீட்டர் அளவு தான். மயிர்க்காலும் வேர்வ சுரப்பியும் கீழயே தங்கிடும், அதுல இருந்து தோல் பரவி ரெண்டு மூணு கிழமையில தொடை மூடிக்கும். நோவாதுன்னு பொய் சொல்ல மாட்டேன், வச்ச எடத்த விட எடுத்த எடம் தான் கூட நோவும், நெறமும் கொஞ்சம் மாறி நிக்கும். புள்ளைக்கு என் தோல எடுங்கன்னு அம்மாமார் அழுவாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா வேற ஆள் தோல ஒடம்பு கொஞ்ச நாள்ல தள்ளிடும், அவங்கவங்க தோல் தான் நெலைக்கும்.

வச்ச பெறகு முதல் 5 நாள் தான் முக்கியம். முதல் ரெண்டு நாள் அந்த தோலுக்கு ரத்த ஓட்டமே இல்ல, புண்ணுல ஊறுற நீர குடிச்சு உசிரோட கெடக்கும், பெறகு தான் கீழ இருந்து ரத்தக்கொழாய் வந்து சேரும். நேர்சரி கன்னு வேர் புடிக்க முந்தி ஆட்டிப் பாப்பமா? அதே கத தான், கட்ட பிரிச்சு பாக்க கேக்காதீங்க, கைய அசைக்காதீங்க. அடியில ரத்தம் கட்டினாலும் சீழ் வச்சாலும் தோல் ஒட்டாது. பாக்க வாற மாமா பீடி குடுத்தா வாங்காதீங்க, பொக ரத்தக்கொழாய சுருக்கிடும். சீனி வருத்தக்காரங்க கால் புண்ணுக்கு வைக்கிறதா இருந்தா முதல்ல சீனி எறங்கணும்.

ஒட்டின தோல்ல எண்ணெப்பச இருக்காது, கிறீம் பூசிக்கிட்டே இருக்கணும், சொல்லிக்குடுக்கிற பயிற்சியையும் விடாம செய்யணும், குளிர்னு போத்திக்கிட்டு படுத்தா மறுபடி இறுகிடும்.

ஏற்கனவே மடங்கிப்போன விரலயும், இறுகின தழும்ப வெட்டி நிமித்தி, வெட்டின பள்ளத்துல தோல் வைக்கலாம். பழைய கிளினிக் கொப்பிய எடுத்துக்கிட்டு வாங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில இதுக்கு காசு இல்ல.